நான் சொல்லாத சாட்சி

சென்ற மாத மிஷன் பத்திரிகையில் என் பெயரைப் போட்டு ஒரு சாட்சி வந்திருக்கிறது. கர்த்தர் கொடுத்த நோவை நான் ஒரு வருஷத்துக்கு மேல் முறுமுறுக்காமல் சுமந்தேன் என்று அதில் இருக்கிறது. நான் முறுமுறுத்தேன். எழுதியவர் எங்கள் சபைப் போதகர். அதைப் படித்துவிட்டு நாலைந்து ஊரிலிருந்து எனக்குக் கடிதம் வந்துவிட்டது. சகோதரியின் பொறுமை அவர்களுக்கு ஆசீர்வாதமாக இருந்ததாம். தனித்தனியாகப் பதில் போட எனக்குத் தெம்பு இல்லை. நடந்ததை ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். ஆசீர்வாதம் குறைந்து போனால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் பெயர் ராகேல். எழுமலையில் பிறந்தபோது வைத்த பெயர் பேச்சியம்மாள். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கியபோது பெயர் மாறியது. பிறந்த வீட்டுப் போக்குவரத்தும் அன்றோடு நின்றது. அவர் காலராவில் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே ஒரு சின்னச் சபையில் வேத ஸ்திரீயாக இருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துச் சொல்வது அந்த வேலை. செவ்வாயும் வெள்ளியும் ரயிலேறி மதுரைக்குப் போய், மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பேசுவேன். வலியில் துடிக்கிறவளிடம், "இது ஆண்டவர் ஒனக்குக் கொடுத்த சிலுவைம்மா, பொறுமையாத் தூக்கு" என்பேன். பதினோரு வருஷம் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். படுத்திருக்கிறவள் வேறென்ன செய்வாள்?

போன வருஷம் மாசி மாதவாக்கில் என் அடிவயிறு கல் வைத்தாற்போல் கனக்கத் தொடங்கியது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன். சித்திரையில் வயிறு மேலேறிவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா வெயிலுக்குக் கொடைக்கானல் போயிருந்த காலம். அவர் வரட்டும் என்று இருந்துவிட்டேன். சேலையைத் தளரக் கட்டினேன். ஆனியில் சேலையாலும் மறைக்க முடியவில்லை.

விதவை ஒருத்தியின் வயிறு பெருத்தால் ஊர் என்ன நினைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சபையும் அதையே நினைத்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு போதகர் வீட்டுக்கு என்னை வரச் சொன்னார்கள். போதகர், இரண்டு மூப்பர்கள், போதகரின் மனைவி எஸ்தரம்மா. என்னை உட்காரச் சொல்லவில்லை.

மூத்தவராக இருந்த மூப்பர்தான் ஆரம்பித்தார். "ராகேலு, ஒளிக்காமச் சொல்லு. எத்தனை மாசம்?"

"மாசமில்லய்யா. நோவு."

"என்ன நோவு?"

"தெரியல."

"நோவுன்னா ஆளு இளைக்கணும். நீ வயிறும் தள்ளிக்கிட்டு நிக்கிற."

என் கைகளும் கன்னமும் வற்றிப்போயிருந்ததை அவர் பார்க்கவில்லை. போதகர் தம் மனைவி பக்கம் திரும்பி, "எஸ்தர், நீ கை வச்சுப் பாரு" என்றார். எஸ்தரம்மா எழுந்து வந்து என் வயிற்றில் கை வைத்தாள். நாலு பிள்ளை பெற்றவள். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குச் சரியாத் தெரியலைங்க" என்றாள்.

அவ்வளவுதான் விசாரணை. உண்மை தெரிகிற வரைக்கும் நான் வேலைக்குப் போகக் கூடாது, இராப்போசனத்தில் கலந்துகொள்ளவும் கூடாது என்று தீர்த்தார்கள். கர்த்தருடைய பந்தியில் எனக்கு அப்பமும் திராட்சரசமும் இல்லை. அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் அகப்பட்ட சட்டிபானையை எல்லாம் போட்டு உடைத்தேன். முறுமுறுக்காமல் சுமந்தவள் செய்த முதல் காரியம் அது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். டாக்டரம்மாவும் கேட்டார். நான் போகவில்லை. காரணம் வெட்கக்கேடானது, இருந்தாலும் எழுதுகிறேன். பத்து மாதம் தாண்டியும் பிள்ளை பிறக்காவிட்டால் அவர்கள் முகத்தில் கரி பூசினாற்போல் ஆகும் என்று காத்திருந்தேன். என் வயிறே எனக்குச் சாட்சி சொல்லட்டும் என்று இருந்தேன். அதோடு, ஊருக்கெல்லாம் பொறுமையாகத் தூக்கு என்று சொன்னவள் தன் முறை வந்ததும் டாக்டரிடம் ஓடினால் எப்படி என்றும் இருந்தது. வீம்பும் பக்தியும் எனக்குள் அப்படிக் கலந்து கிடந்தன. எது எது என்று இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

மார்கழியும் வந்தது. பிள்ளை பிறக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து போதகர் என் வீட்டு வாசல் வரை வந்தார்.

"இது நோவுதான் போலிருக்கு. கர்த்தர் யாரை நேசிக்கிறாரோ அவங்களைத்தான் புடமிடுவார். பொறுமையா இரு, ராகேல்."

வருத்தம் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. என்னை மறுபடியும் பந்தியில் சேர்ப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் பதினோரு வருஷமாகச் சொன்ன அதே வார்த்தைகளை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். வாங்கும்போதுதான் அதன் ருசி தெரிந்தது.

சித்திரை பிறந்த நாலாம் நாள் என் அண்ணன் விருமன் வந்தான். பதினெட்டு வருஷமாக என்னோடு பேசாதவன். உசிலம்பட்டிச் சந்தையில் யாரோ, உன் வேதக்காரத் தங்கச்சி வயிற்றை நிரப்பிக்கொண்டு நிற்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். கையில் கம்போடு வந்தான். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். படுத்தால் மூச்சு முட்டும், அதனால் உட்கார்ந்தேதான் தூக்கம். என் எலும்புகளையும் அந்த வயிற்றையும் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எப்பருந்துடி இது?"

"போன வருசம் மாசிலருந்துண்ணே."

விரலை மடக்கி எண்ணினான். "பதினாலு மாசம். எந்தப் பிள்ளைடி இம்புட்டு நாள் வயித்துக்குள்ள குந்தியிருக்கும்? ஒங்க சபையில எண்ணத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லையா?"

கம்பை மூலையில் சாத்தினான். "எந்திரி, பேச்சி. போவோம்."

அந்தப் பெயரைக் கேட்டுப் பதினெட்டு வருஷம். நான் அழுதேன். அவன் அதற்கும் திட்டினான்.

வண்டி பூட்டி திருப்பரங்குன்றம் ஸ்டேஷன், அங்கிருந்து ரயில், மதுரையில் இறங்கி ஜட்கா வண்டி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றுக்குள் தண்ணீர் அலம்புவது எனக்கே கேட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் காத்திருந்தோம். எனக்கு முன்னால் முப்பது பேர். அந்த பெஞ்சில் இருந்தவர்களுக்கு நான் எத்தனையோ நாள் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அது இடுப்பை ஒடிக்கிற பெஞ்சு என்பதை உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த வருஷம் டாக்டரம்மா கொடைக்கானல் போகவில்லை; என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். வெள்ளைக்காரி; இருபது வருஷமாக இங்கே இருந்தும் தமிழ் புத்தகத்தில் உள்ளது மாதிரிதான் பேசுவார்.

"ராகேல், நீ வேலையை விட்டுவிட்டாய் என்று சொன்னார்கள். நீ ஏன் என்னிடம் வரவில்லை?"

வயிற்றில் ஒரு கையை வைத்து மறு பக்கம் விரலால் தட்டினார். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் அலை போய் மோதியது. ஒரு தாளில் படம் போட்டு எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கினார். கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் பாதாம் கொட்டை அளவில் சினைப்பை என்று ஒன்று எல்லாப் பெண்ணுக்கும் உண்டு. அதில் ஒன்று சில சமயம் தண்ணீர்ப் பை மாதிரி ஊதிக்கொண்டே போகும். அது பிள்ளையும் இல்லை, பெரும்பாலும் புற்றும் இல்லை. ஆனால் வளர வளர நுரையீரலையும் குடலையும் நெருக்கும். ஒரு நாள் முறுக்கிக்கொண்டால் ஆள் தப்பாது. அறுத்து எடுத்தால் குணமாகும்.

"முதலிலேயே வந்திருந்தால் இது ஒரு தேங்காய் அளவில் இருந்திருக்கும்" என்றார். "யார் உன்னைத் தடுத்தார்கள்?"

அதற்கு அண்ணன் சொன்னான். "சாமிதான் கொடுத்துச்சுன்னு சொல்லி வச்சிருக்காக, தாயி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சாமி கொடுத்திருந்தால் நான் எடுப்பது பாவம் அல்லவா? அப்படியானால் மிஷன் இந்த ஆஸ்பத்திரியை ஏன் கட்டியது?" என்றார். கோபம் என் மேலா, யார் மேலா என்று தெரியவில்லை.

உடனே அறுக்க முடியாது என்றார்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரத்தம் பாதிகூட இல்லை. மூன்று வாரம் இரும்புச் சத்து மருந்து. கறுப்பாக, ஆணியை நக்கினாற்போல் இருக்கும், பல்லெல்லாம் கறுத்துவிடும். காலையும் மாலையும் ஆட்டு ஈரல் சாறு. நோயாளியின் ஆட்கள் சமைப்பதற்கென்று பின்புறம் ஒரு கொட்டகை உண்டு. அங்கே பெண்களுக்கு நடுவில் என் அண்ணன் ஒருத்தன்தான் ஆம்பிளை. வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்காதவன், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஈரலை வேக வைத்துப் பிழிந்து கொண்டுவருவான். உப்பு ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை. "குடிச்சுத் தொலை" என்று நீட்டுவான்.

என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் அவனியாபுரத்துக்காரி ஒருத்தி இருந்தாள். சின்னப்பொண்ணு என்று பெயர், முப்பது வயசு இருக்கும். மார்பில் புற்று. கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. நர்ஸ் கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் இருக்க முடியாது. இனி அறுத்துப் பயனில்லை, வலிக்கு மருந்து கொடுப்பது மட்டும்தான் என்று எனக்கே தெரிந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"வேதக்காரக்கா தானே நீங்க? என்னைத் தெரியலையா?"

தெரியவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே வார்டுல இருந்தேன்ல. அப்ப புளியங்கொட்டை கணக்கா இருந்துச்சு. அறுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாக. பயந்து அழுதுக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து பக்கத்துல ஒக்காந்து, இது ஆண்டவர் கொடுத்தது, பொறுத்துக்கிட்டா அவரே பாத்துக்கிருவார்னு சொன்னீக. அம்புட்டு ஆறுதலா இருந்துச்சுக்கா. மறுநாளே வீட்டுக்குப் போயிட்டேன்."

நன்றியோடுதான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் சொல்லிவிட்டேன். "சின்னப்பொண்ணு, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. ஒனக்கு அந்த நோவை ஆண்டவர் கொடுக்கல. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நீ அறுத்துக்கிட்டுப் பிழைச்சிருப்ப."

அவள், "இப்பப் போயி ஏங்க்கா இதச் சொல்றீக?" என்றாள். "ரெண்டு வருசமா அத நம்பித்தான வலியப் பொறுத்தேன். இத வச்சுக்கிட்டு நான் இனி என்ன செய்யட்டும்?"

மன்னிப்புக் கேட்டு என் பாரத்தை இறக்கிக்கொள்ளப் பார்த்தேன். இறக்கியதும் அவள் மேல்தான். அன்றிலிருந்து அவளிடம் நான் வேதம் பேசவில்லை. விசிறி விட்டேன். என் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நகர முடிந்த நேரமெல்லாம் அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அவள் மகன் செய்யும் சேட்டைகளை அவள் சொல்லக் கேட்டேன்.

அறுவை நடந்த காலையில் முகத்தில் ஒரு வலைக்கூடை மாதிரி வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். தித்திப்பும் நாற்றமுமாக ஒரு வாடை. எண்ணச் சொன்னார்கள், ஒன்பதோ பத்தோ எண்ணினேன். கண் விழித்தபோது தாகம். தண்ணீர் தரக் கூடாது என்பதால் நனைத்த துணியை உதட்டில் வைத்தார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு என் கால் விரல்கள் தெரிந்தன.

எடுத்ததை டாக்டரம்மா அண்ணனுக்குக் காட்டியிருக்கிறார். தொட்டி நிறைய, முப்பது ராத்தலுக்கு மேல். அவன் வந்து என் கட்டிலடியில் குந்தினான். "இந்த மூட்டையை வச்சுக்கிட்டா நின்ன நீ? இத வச்சுத்தானா ஒன்னைய விசாரிச்சாக?"

எட்டாம் நாள் போதகர் வந்தார், எஸ்தரம்மாவோடு. அவள் ஒரு தூக்கில் ரசம் சோறு கொண்டுவந்திருந்தாள். ஜெபம் செய்து முடித்து, போதகர் மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பத்திரிகைக்குச் சாட்சி, அவரே எழுதி வந்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டால் போதும். படித்துப் பார்த்தேன். புடமிடுதல், பொறுமை, சிலுவை எல்லாம் இருந்தன. தொட்டி இல்லை. ஈரல் சாறு இல்லை. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"என்னை நிக்க வச்சு விசாரிச்சதையும் எழுதுங்கய்யா. கையெழுத்துப் போடுறேன்."

"அது சபையோட உள் விஷயம், ராகேல். வெளியே சொன்னா ஊர்க்காரங்க விசுவாசத்துக்கு இடறலாயிரும்."

"அப்ப எது சாட்சி? பாதியை மறைச்சா அதுக்குப் பேரு வேற இல்லையா?"

"நீ பட்ட பாடு வீணாப் போகக் கூடாதுன்னுதான் சொல்றேன். சீஷன்னா சிலுவையைத் தூக்கித்தான் ஆகணும்."

தையல் பிரியாத வயிறு. மெதுவாகத்தான் பேச முடிந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு நன்றாகக் கேட்டது. "ஆண்டவர் தம்ம சிலுவையைத் தெரிஞ்சு, தாமே போய்த் தூக்கினாரு. அதுக்கு முந்தின ராத்திரி, கூடுமானா இது வேண்டாம்னு வேர்க்க வேர்க்கக் கேட்டாரு. என் வயித்துல இருந்தது நான் தூக்கப் போனதில்ல, அது கட்டி. தேடி வந்த சீக்காளி யாருகிட்டயாவது அவரு, பொறுத்துக்கிட்டுப் போன்னு சொன்னாரா? ஒரு ஆளைக் காட்டுங்க. நோவுல கிடக்கிறவளைப் பந்தியிலருந்து தள்ளினவங்களைப் பத்தி அவரு என்ன சொல்லுவாருன்னு ஒங்களுக்கு நான் வாசிச்சுக் காட்டவா?"

அவர் முகம் சிவந்தது. "வியாதி ஒன்னைத் தாழ்த்தலையே" என்று எழுந்தார்.

"இல்லய்யா. அதுக்காக வந்ததில்ல அது."

தாளை மடித்துக்கொண்டு படியிறங்கினார். கையெழுத்து இல்லாமலே அது அச்சுக்குப் போனது. உங்களுக்குத் தெரியும்.

எஸ்தரம்மா தூக்கைக் கழுவ வேண்டும் என்று பின்தங்கினாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அக்கா, அன்னைக்குக் கை வச்சதுமே எனக்குத் தெரியும். பிள்ளைன்னா கைக்கு அசைவு தெரியும். அது வெறும் தண்ணி. தெரிஞ்சும் அவுகளுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லல."

போதகர் மேல் இருந்த கோபத்தைவிட அந்த நிமிஷத்தில் அவள் மேல் வந்த கோபம் பெரியது. ஒரு வார்த்தை. அவள் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "போயிருங்க" என்றேன். போய்விட்டாள். சோற்றை அண்ணனிடம் கொடுத்து நாய்க்குப் போடச் சொன்னேன். அவன் நாய்க்குப் போடவில்லை, தானே தின்றான். நல்ல ரசம் என்றான்.

தையல் பிரித்த மறுநாள் சின்னப்பொண்ணு இறந்துபோனாள். பகல் பதினொரு மணி. அவள் புருஷன் மகனைக் கூட்டிவரப் போயிருந்தான். வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கடைசியில் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். "அக்கா, நான் பொறுத்தது ஆண்டவருக்காவது தெரியுமா?" தெரியும் என்றேன். இதை மட்டும் நான் நம்பித்தான் சொன்னேன். சிலுவையில் அறையப்பட்டவருக்கு அந்த வலி தெரியாமல் இருக்காது. அதற்கு மேல் இந்தக் காரியத்தில் எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்தது போல் யாராவது பேசினால் எழுந்து போய்விடுகிறேன்.

ஆனிக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணன் எழுமலைக்குக் கூப்பிட்டான். "வாரேண்ணே, கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். இந்தக் கூட்டத்தை விட்டுத் தொலையேன் என்று கத்தினான். விட்டுப் போக வேண்டியவர்கள் அவர்கள். நான் ஏன் போக வேண்டும்?

மறுபடி பந்தியில் சேர வேண்டுமானால், சபையார் இடறுவதற்குக் காரணமாக இருந்ததற்காக நான் எல்லார் முன்பும் எழுந்து வருத்தம் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டி வளர்த்ததற்கு மன்னிப்பு! ஆவணியில் இராப்போசன ஞாயிறு வந்தது. கோயிலுக்குப் போனேன். பெண்கள் வரிசையில், முன் பாயில், எஸ்தரம்மா பக்கத்தில் இடம் இருந்தது, அங்கேயே உட்கார்ந்தேன். நான் எழுந்திருக்கப் போகிறேன் என்று எல்லாரும் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

மூப்பர் அப்பத் தட்டைக் கொண்டுவந்தார். எஸ்தரம்மாவிடம் நீட்டினார், அவள் எடுத்தாள். என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போனார்.

எஸ்தரம்மா தன் கையிலிருந்த துண்டை இரண்டாகப் பிய்த்தாள். பிய்த்ததில் கொஞ்சம் பாயில் உதிர்ந்தது. ஒரு பாதியை என் மடியில் வைக்காமல், எல்லாரும் பார்க்கக் கையை நீட்டி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். பீடத்தருகே போதகர் வாசித்துக்கொண்டிருந்தது பாதியில் நின்றது.

வாங்கிச் சாப்பிட்டேன். அவளை மன்னித்துவிட்டதால் இல்லை. அது இன்னும் ஆகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக எனக்கு அந்த அப்பம் கிடைக்கவில்லை. பசித்தது.